பார்க்ரன்: தூரம் ஒன்றுதான், பாதைகள் வேறு

சனிக்கிழமை காலைகளில் பொதுப் பூங்காக்களில் நடக்கும் பார்க்ரன் என்ற இலவச ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கு நிலவும் தோழமையைப் பாராட்டி முடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பாராட்டு தகுந்ததே. ஆனால் அங்கே போய் ஓட நினைப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது பாதை எப்படிப்பட்டது என்பதுதான். எத்தனை சுற்று, எவ்வளவு ஏற்றம், காலடியில் தாரா, சரளையா, சேறா, தொடக்கத்தில் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பன போன்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அந்தக் காலைப்பொழுது இனிதாகவோ எரிச்சலாகவோ அமைகிறது. தூரம் எல்லா இடத்திலும் ஒன்று என்பதால் அனுபவமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒரு சேவையாகப் பார்க்ரன் எப்படி நடத்தப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பாதைகளைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

லண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஓடியதுதான் இதன் தொடக்கம். காயத்தால் ஓட முடியாமல் இருந்த பால் சின்டன்-ஹியூட், நண்பர்களை வாரம் ஒருமுறை சந்திக்க ஒரு வழியாக இதை ஏற்பாடு செய்தார். ஓடி முடித்தவர்களின் வரிசையைக் குறிக்க அப்போது பயன்பட்டவை வன்பொருள் கடையில் வாங்கிய வாஷர்கள். இன்று 20க்கும் மேற்பட்ட நாடுகளில், 2,000க்கும் மேற்பட்ட இடங்களில் இது நடக்கிறது. சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும் கோலாலம்பூரின் தாமான் புடு உலு பூங்காவிலும்கூட ஓடலாம். இவ்வளவு பெருகிய பிறகும் அடிப்படை விதிகள் மாறவில்லை: கட்டணம் கிடையாது, தன்னார்வலர்களே நடத்துகிறார்கள், வாழ்நாளில் ஒருமுறை இணையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும்.

பதிவு செய்ததும் கிடைக்கும் பார்கோடுதான் எல்லாவற்றுக்கும் சாவி. முடிவுக்கோட்டைத் தாண்டியவுடன் கயிறு கட்டிய குறுகிய வழிக்குள் அனுப்பப்படுகிறோம். அங்கே வரிசை கலையாமல் நடந்துபோனால் ஒரு தன்னார்வலர் எண் பொறித்த சிறு பிளாஸ்டிக் வில்லையைக் கையில் தருகிறார். சற்றுத் தள்ளி நிற்கும் இன்னொருவர் நம் பார்கோடையும் வில்லையில் உள்ள பார்கோடையும் கைப்பேசியால் வருடிவிட்டு வில்லையைத் திரும்ப வாங்கி வாளியில் போட்டுக்கொள்கிறார். நேரத்தைக் குறிப்பவர் தனியே ஒவ்வொருவரும் கோட்டைத் தாண்டும்போது பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு பட்டியல்களையும் பொருத்தித்தான் முடிவுகள் வெளியாகின்றன. பார்கோடு கொண்டுவராதவர் பட்டியலில் பெயரில்லாத ஆளாக நிற்பார். எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விலக்கு இல்லை. வில்லையை மறந்து சட்டைப்பையில் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களால்தான் தன்னார்வலர்களுக்குத் தலைவலி. மின்னணுச் சில்லு எதுவும் இல்லாமல், தலா ஒரு வேலையை மட்டும் செய்யும் சாதாரண மனிதர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்களின் நேரத்தை அன்றே வெளியிட்டுவிடும் இந்த ஏற்பாட்டில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. பெருங்கட்டணம் வாங்கும் பந்தயங்கள் சில இதைவிடத் தடுமாறுகின்றன.

இனிப் பாதை. ஒரு பூங்காவுக்குள் ஐந்து கிலோமீட்டரை மடித்து வைப்பது எளிதான காரியமில்லை. பெரும்பாலான நகரப் பூங்காக்களின் சுற்றளவு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான் தேறும் என்பதால் இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் என்பதே பொதுவான தீர்வாக இருக்கிறது. தெற்கு லண்டனில் உள்ள டல்விச் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: தார்ப்பாதையில், மேடுபள்ளம் அதிகம் இல்லாத மூன்று சுற்றுகள். வேகமாக ஓடி நேரத்தைக் குறைக்க விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் போவதில் வியப்பில்லை. முதல் சுற்றிலேயே திருப்பங்கள் பழகிவிடுகின்றன. இரண்டாவதில் வேகத்தைக் கணித்துக்கொள்ளலாம், மூன்றாவதில் மிச்சமிருப்பதையெல்லாம் செலவழிக்கலாம். ஆனால் சுற்றுகள் கூடக்கூட முன்னால் ஓடுகிறவர்கள் பின்னால் வருகிறவர்களைத் தாண்டிச் செல்ல வேண்டிய நிலை வருகிறது. பாதை அகலமாக இருந்தால் இதில் சிக்கல் இல்லை. குறுகலாக இருந்தால் வேகமாக வருகிறவர் புல்லில் இறங்க வேண்டும், மெதுவாகப் போகிறவரோ பின்னால் கேட்கும் காலடிச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒதுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல்முறை வருகிறவருக்கு, அதிலும் பாதியை நடந்தே கடக்க நினைப்பவருக்கு, மூன்று சுற்றுப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தான் எல்லோருக்கும் இடைஞ்சலாக இருக்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் அவர் மறுவாரம் வரமாட்டார். இன்னொரு நடைமுறைத் தொல்லை: மூச்சு வாங்கும்போது இது இரண்டாவது சுற்றா மூன்றாவதா என்ற குழப்பம் பலருக்கும் வருகிறது. சுற்றுகளை எண்ணிச் சொல்வது தன்னார்வலர்களின் வேலையில்லை.

ஒரே பெரிய சுற்றாக அமைந்த பாதைகளுக்கு நல்ல பரப்பளவு வேண்டும். புஷி பூங்காவுக்கு அது வாய்த்திருக்கிறது. மான்கள் மேயும் புல்வெளிகளை ஒட்டி, சரளையும் புல்லும் மண்ணும் மாறிமாறி வரும் அந்தப் பாதையில் பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. ஒலிம்பிக் வீரரான ஆண்ட்ரூ பேட்லி 2012 ஆகஸ்டில் 13 நிமிடம் 48 வினாடியில் ஓடி முடித்தது இங்கேதான், அது நீண்ட காலம் பார்க்ரன்னின் மிக வேகமான நேரமாக இருந்தது. பிறந்த இடம் என்பதால் உலகெங்கிலுமிருந்து யாத்திரை போல வருகிறவர்கள் உண்டு, ஆயிரம் பேருக்கு மேல் கூடுவது அங்கே சாதாரணம். அந்தக் கூட்டமே அதன் பெருமையும் குறையும். முதல் சில நூறு மீட்டர் நம் கால் நம் வசத்தில் இருக்காது. பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக்கோட்டைத் தொடுவதற்குள்ளேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், பார்க்ரன்னில் ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்க நேரம் கிடையாது என்பதால் அந்த வினாடிகள் அவர் கணக்கில்தான் சேரும். நேரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் உரிய இடத்தில் முன்னே நிற்பதும், கவலைப்படாதவர் பின்னே போய் நிற்பதும் இரு தரப்புக்கும் நல்லது. பெரிய கூட்டங்களில் ஒருங்கிணைப்பாளர் ஓட்டத்துக்கு முன் சொல்லும் அறிவிப்பு பாதிப் பேருக்குக் காதில் விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒலிபெருக்கி முழங்குகிறது, ஆனால் முழங்குவது என்னவென்று பின்னால் நிற்பவர்கள் கைதட்டலை வைத்து ஊகித்துக்கொள்கிறார்கள்.

போய்த் திரும்பும் வகைப் பாதைகள் மூன்றாவது இனம். எடின்பரோவின் கிராமண்ட் கடற்கரை நடைபாதை இந்த வகையில் புகழ்பெற்றது. தட்டையான, அகலமான தார்ப்பாதை என்பதால் வேகத்துக்கு மிக உகந்தது என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் காற்று அடங்கிய நாளுக்கே பொருந்தும். கடலை ஒட்டிய நேர்பாதையில் காற்று எழுந்தால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. ஒரு பாதி பறப்பது போலவும் மறுபாதி சுவரைத் தள்ளுவது போலவும் இருக்கும். போய்த் திரும்பும் பாதைகளில் எனக்குப் பிடித்தது எதிரெதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க முடிவது. முதலில் ஓடுகிறவரும் கடைசியில் வருகிறவரும் ஒருமுறையாவது கண்ணுக்குக் கண் சந்தித்துக்கொள்ளும் வாய்ப்பை மற்றப் பாதைகள் தருவதில்லை. பிடிக்காதது, கூம்பைச் சுற்றித் திரும்புவது. நான் ஓடிய ஒரு பூங்காவில் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் இல்லாத பாதையின் நடுவே ஒற்றைப் பிளாஸ்டிக் கூம்பை வைத்துத் திரும்பும் இடமாக்கியிருந்தார்கள். முன்னால் போனவர் திடீரென்று நின்றுதான் உடலைத் திருப்ப முடிகிறது, பின்னால் வருகிறவர் அவர் முதுகில் கை வைத்துத் தன்னைத் தடுத்துக்கொள்கிறார், இதற்கிடையே ஈர இலைகள் காலடியில் வழுக்குகின்றன. பத்து மீட்டர் தள்ளிப் பாதை விரிந்துகொடுக்கும் இடத்தில் கூம்பை வைத்திருக்கலாம். ஆனால் அப்படி நகர்த்தினால் தொடக்கக்கோட்டையும் நகர்த்த வேண்டும், அங்கே மரமோ மூலை இருக்கையோ குறுக்கே நிற்கும். பாதை வகுப்பவர்களின் சங்கடம் இது.

ஏற்றங்களைப் பற்றிப் பேசும்போது பலர் செய்யும் கணக்கு ஒன்று உண்டு. ஏறும்போது இழப்பதை இறங்கும்போது பிடித்துவிடலாம் என்பதுதான் அது. அப்படி நடப்பதில்லை. ஏற்றத்தில் செலவாகும் சக்திக்கு ஈடாக இறக்கம் வேகத்தைத் திருப்பித் தருவதில்லை, சரிவு செங்குத்தாக இருந்தால் கால்களே தடுப்பானாக வேலை செய்து தொடைகளைக் கெடுத்துவிடும். லண்டனின் ஃபின்ஸ்பரி பூங்காவில் இரண்டு சுற்றுகளிலும் அதே ஏற்றம் திரும்ப வருகிறது. முதல்முறை அதைப் பெரிதாக நினைக்காமல் ஓடியவர் இரண்டாம் முறை அதற்கு விலை கொடுப்பார். இதற்கெல்லாம் மேலே, வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் உள்ள விண்லேட்டர் வனப் பாதை இருக்கிறது. முதல் பாதி ஏறக்குறைய முழுவதும் மலையேற்றம், பிறகு அதே அளவுக்கு இறக்கம். பிரிட்டனின் மிகக் கடினமான பார்க்ரன் எது என்ற பேச்சு வந்தால் இதன் பெயர் தவறாமல் வரும். டெவன் கடற்கரையில் உள்ள வூலக்கூம் மணல்மேட்டுப் பாதையோ வேறு வகையில் சோதிக்கிறது. கால் புதையும் மணலில் ஒவ்வோர் அடிக்கும் உழைக்க வேண்டியிருப்பதால் வழக்கமான வேகத்தை அங்கே எதிர்பார்ப்பதில் பொருளில்லை. இத்தகைய பாதைகளை நேரக் கணக்கோடு அணுகுகிறவர் மனம் நொந்து திரும்புவார். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறவருக்கு அவை விருந்து.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. பார்க்ரன் பாதைகள் அளவுச் சக்கரம் கொண்டு அளக்கப்படுகின்றன. ஆனால் சாலைப் பந்தயங்களுக்கு இருப்பது போன்ற முறையான அளவுச் சான்று அவற்றுக்குத் தேவையில்லை. ஆகவே இரண்டு பூங்காக்களில் எடுத்த நேரங்களை வினாடி சுத்தமாக ஒப்பிட முடியாது. அதே சமயம், கைக்கடிகாரம் 4.9 கிலோமீட்டர் காட்டிவிட்டது என்று முடிவுக்கோட்டிலேயே முறையிடுகிறவர்களுக்கும் நான் துணை போக மாட்டேன். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் வளைவு அதிகமுள்ள பாதையிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறி மூலைகளை வெட்டிவிடும். மூன்று சுற்றுகளில் அந்தப் பிழை மூன்று மடங்காகிறது. திருப்பங்களில் வெளிப்புறமாக அகன்று ஓடுகிறவரோ அளந்ததைவிடக் கூடுதல் தூரம் ஓடிவிட்டு, பாதை நீளமாக இருக்கிறது என்பார். ஒரே பாதையில் நம் பழைய நேரத்தோடு புதிய நேரத்தை ஒப்பிடுவது மட்டுமே உருப்படியான ஒப்பீடு.

இந்த இடத்தில் பார்க்ரன் நிர்வாகத்தின் மீது எனக்கு ஒரு மனக்குறை. ஒவ்வோர் இடத்துக்கும் உரிய பாதைச் சாதனைகள், ஆண்களில் 17 நிமிடத்துக்கும் பெண்களில் 20 நிமிடத்துக்கும் குறைவாக ஓடியவர்களின் பட்டியல் போன்ற புள்ளிவிவரங்களை 2024 பிப்ரவரியில் தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். போட்டி என்ற தோற்றத்தைக் குறைத்துப் புதியவர்களின் தயக்கத்தைப் போக்குவதே நோக்கம் என்ற அளவில் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. தனிநபர் நேரங்கள் வழக்கம்போல் வெளியாகின்றன என்பதால் ஓடுகிறவருக்குப் பெரிய இழப்பு இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு பாதை எவ்வளவு வேகமானது அல்லது கடினமானது என்று அறிய வெளியூர்க்காரருக்கு அந்த எண்கள் எளிய அடையாளமாக இருந்தன. அவற்றை எடுத்தவர்கள் அந்த இடத்தில் ஏற்றத்தின் மீட்டர் அளவு, தரையின் தன்மை, சராசரிக் கூட்டம் ஆகியவற்றை எல்லாப் பக்கங்களிலும் ஒரே வடிவில் தந்திருந்தால் யாரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள். இப்போது பாதை விவரம் எழுதுவது அந்தந்த ஊர்க் குழுவின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் ஒவ்வொரு திருப்பமும் விளக்கப்பட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 'லேசான மேடு' என்று எழுதிவிட்டு நம்மை ஒரு குன்றின் அடிவாரத்தில் நிறுத்துகிறார்கள். பிரிட்டனில் பாதை விவரத்தில் அந்தச் சொல் வந்தாலே நான் மேடுகளுக்கான காலணியை எடுத்து வைத்துக்கொள்வேன்.

நடந்துவர விரும்புகிறவர்களுக்கு எந்தப் பாதையிலும் இடமுண்டு. இது வாய்ச்சொல் அல்ல. ஒவ்வோர் ஓட்டத்திலும் பளிச்சென்ற மேலங்கி அணிந்த தன்னார்வலர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசியாக முடிப்பவர் எப்போதும் அவர்தான் என்பதால், பட்டியலின் கடைசிப் பெயர் நம்முடையதாக இருக்குமோ என்ற கவலைக்கே வேலையில்லை. 2022 அக்டோபரிலிருந்து நடப்பவர்களோடு சேர்ந்து நடப்பதற்கென்றே தனித் தன்னார்வலர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு சேற்றுப் பாதையைக் கடந்துவந்த வயதான தம்பதியருக்காக நேரம் குறிப்பவரும் வில்லை கொடுப்பவரும் குளிரில் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். முடிவுக்கோட்டின் கயிற்றை ஒருவர்கூடச் சுருட்டத் தொடங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் கட்டண ஓட்டங்கள் எதுவும் இதன் அருகில் வர முடியாது.

குழந்தைகளோடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது, 11 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும். 4 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் தனியாக நடக்கிறது. சிறுவர்களுக்கு அதுவே பொருத்தம். நாய் கொண்டுவருவதானால் கையில் பிடித்த குட்டையான வாரில் ஒன்று மட்டுமே அனுமதி, இடுப்பில் கட்டி ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். குறுகலான பல சுற்றுப் பாதையில் நீண்ட வார் என்ன செய்யும் என்று ஒருமுறை கண்டவர்கள் இந்த விதியை எதிர்க்க மாட்டார்கள்.

ஒரே பூங்காவில் ஓடிச் சலித்தவர்கள் வாரம் ஓரிடமாகத் தேடிப் போகிறார்கள். A முதல் Z வரை, X தவிர, ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கும் பெயருள்ள இடங்களில் ஓடி முடிப்பது அவர்களிடையே பிரபலமான வேட்டை. Z எழுத்துக்காகப் போலந்தின் ஜாரி வரைக்கும் ஹேக் நகரின் சைடர்பார்க் வரைக்கும் போகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம். இலவச ஓட்டத்துக்கு விமானக் கட்டணம் கட்டும் இந்தப் பித்தை நான் கேலி செய்யப்போவதில்லை, ஏனென்றால் பாதைகளை ஒப்பிட்டு அறியும் ஆர்வம் எனக்கும் அங்கிருந்துதான் தொற்றியது. கும்ப்ரியாவின் ஹேவரிக் சிறைக்குள் 2017இல் தொடங்கிய பார்க்ரன் போன்றவற்றுக்கு மட்டும் இந்தப் பயணிகள் போக முடியாது. அங்கே ஓடுகிறவர்கள் கைதிகளும் ஊழியர்களும்தான்.

கட்டணமின்மை என்ற கொள்கைக்கு ஒருமுறை பெரிய சோதனை வந்தது. பிரிஸ்டல் அருகே லிட்டில் ஸ்டோக் பூங்காவைப் பராமரிக்கும் ஸ்டோக் கிஃபோர்டு ஊராட்சி மன்றம், பாதைகள் தேய்கின்றன என்பதால் பார்க்ரன் நடத்துகிறவர்கள் பணம் தர வேண்டும் என்று 2016 ஏப்ரலில் முடிவெடுத்தது. பணம் கேட்டால் நடத்த முடியாது என்று பார்க்ரன் விலகிக்கொண்டது, அந்த ஓட்டம் நின்றுபோனது. நான் பார்க்ரன் பக்கம்தான். ஆனாலும் மன்றத்தின் வாதத்தில் ஒரு துளி நியாயம் இருப்பதை மறுப்பதற்கில்லை. மழைக்காலத்தில் ஒரே புல்வெளி ஓரத்தை முந்நூறு பேர் வாரந்தோறும் மிதித்தால் அங்கே புல் மிஞ்சாது. அதனால்தான் பொறுப்பான குழுக்கள் குளிர்காலத்துக்கென்று தார்ப்பாதையிலேயே அடங்கும் மாற்றுப் பாதை ஒன்றை வைத்திருக்கின்றன. அதில் பெரும்பாலும் ஒரு சுற்று கூடும், அழகு குறையும், நெரிசல் மிகும். கோடையில் ஓடியவர் எழுதிய புகழுரையை நம்பிக் குளிர்காலத்தில் போகிறவர் இந்த வேறுபாட்டை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்க நேரமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காலை 9 மணி, ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் 9.30, சிங்கப்பூரில் 7.30, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 7. பனி, வெள்ளம், புயற்காற்று, பூங்காவில் வேறு நிகழ்ச்சி என்று எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டம் ரத்தாகலாம். வெள்ளிக்கிழமை இரவு பார்த்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், சனிக்கிழமை கிளம்புவதற்கு முன்பும் அந்த இடத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. உறைபனி உள்ள நாட்களில் ஒருங்கிணைப்பாளர் விடிந்ததும் பாதையை நேரில் நடந்து பார்த்த பிறகே முடிவைச் சொல்வார்.